டிராக்டர் முதலிய வாகனங்களின் மின்சாரக் கம்பிகளைப் பழுதினின்றும் காத்தல்

காவேரிப் பாசனப் பகுதியில் குறுவைப் பட்டத்துக்கு மேட்டூர் அணை திறப்பதற்குரிய வழக்கமான நாள் ஜூன் மாதம் 12-ந் தேதியென்பது யாவரும் அறிந்ததே. வாய்க்காலில் நீர் ஏறியவுடன் ஒரே சமயத்தில் எல்லாக் குடியானவர்களுக்கும் உழவு வேண்டியிருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் முன்னதாகவே நாற்று விட்டு வைத்திருப்பார்கள். ஏடிடி 43 போன்ற, ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வரும் குறுகிய வயதுள்ள நெற்களை 25 நாளுக்குள் பிடுங்கி நடுதல் அவசியம். நீண்ட வயதுள்ள சம்பா நெல்லில் நாற்று சில நாள் முதிர்ந்தாலும், நட்டபின் தூர் கட்டுவதற்கு அவகாசம் உண்டு. குறுவையில் அவ்வவகாசம் கிடையாது. நாற்றங்காலில் வீணான ஒவ்வொரு நாளும் தூர் வெடிக்கும் பருவத்தினின்றும் கழிந்துபோகிறது. ஆகவே இக்காலத்தில் டிராக்டர் வைத்திருப்போர் பகலில் மட்டுமன்றி இரவிலும் சேற்றுழவு செய்ய வேண்டியதாகிறது. இரவு உழவுக்கு விளக்கு வேண்டும். விளக்குக்குக் கம்பி வேண்டும். டிராக்டருக்கு எண்ணெய் மாற்றுவதிலும் டயருக்குக் காற்றடைப்பதிலும் காட்டும் சிரத்தையில் பத்திலொரு பங்கைக்கூட அக்கம்பிகளின்பால் எவரும் காட்டுவதில்லை.

மன்னார்குடி வட்டாரத்துக் கிராமமொன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லுதல் பொருந்தும். பாங்குக் கடனில் 45 குதிரைச் சக்தி டிராக்டர் ஒன்றை வாங்கி வாடகைக்கு உழுதுவரும் குடியானவர் ஒருவர், முன்புறமுள்ள இரண்டு விளக்குகளோடு பின்புறம் இரண்டு விளக்குகளைப் புதிதாய்ப் பொருத்தினார். கலப்பையும் சேறும் தெரிய வேண்டுமென்பது அவர் நோக்கம், அதில் பிழையொன்றுமில்லை. பொருத்தியவர் தனியாகக் கம்பி இழுக்காமல், முன் விளக்குக்குச் செல்லும் கம்பியிலேயே ஓரிடத்தில் உறையைச் சீவி, புதுக் கம்பியை முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். அன்றிரவு விளக்குகள் நன்றாகவே எரிந்தன. ஒரு மணி நேரங்கழித்து 15 ஆம்பியர் பியூஸ் போயிற்று. வேறொன்று போட்டார்கள், அதுவும் போயிற்று. மூன்றாவது இரவில் கையிருப்பில் பியூஸ் இல்லை. டிராக்டர் ஓட்டும் வாலிபன், “அண்ணே, பியூஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது, கம்பியைப் போட்டு ஓட்டட்டுமா?” என்று கேட்டான். உழவுக்குக் காத்திருப்பவர்கள் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சரியென்றார். வீட்டுக் கம்பியொன்றை உரித்து எடுத்த, சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் துண்டை மடித்துப் பியூஸ் இருக்கும் இடத்தில் சொருகினான்.

அதன்பிறகு இரண்டு இரவுகள் யாதொரு தொந்தரவும் இல்லை. ஐந்தாம் இரவு, இரண்டு மணி இருக்கும், பானெட்டின் அடியிலிருந்து புகை வந்தது. வாலிபன் எஞ்சினை நிறுத்திச் சாவியைத் திருப்பினான். விளக்கு ஸ்விட்சையும் அணைத்தான். புகை நிற்கவில்லை. பாட்டரிக் கிளாம்பைக் கழற்ற ஸ்பானர் கையில் இல்லை. சேற்றை வாரியெறிந்ததால் டிராக்டர் எரியாமல் தப்பியது. ஆனால் கம்பிக்கட்டு முழுவதும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. புதுக் கம்பிக்கட்டு வந்து பொருத்தி முடிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த டிராக்டரை நம்பியிருந்தவர்களில், மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் அம்மாள் ஒருவரும் உண்டு. அவருடைய நாற்றுக்கு அப்போது 24 நாள். வேறு டிராக்டர் கிடைக்கவில்லை. கிடைத்தபோது நாற்று கணு விட்டிருந்தது. அதையே நட்டார். அவ்வருஷம் அடுத்த வயல்களில் தூர் வெடித்துப் பயிர் மூடிய பிறகும், அவருடைய வயலில் குத்துக்களுக்கு நடுவே நீர் தெரிந்துகொண்டிருந்தது.

இங்கே நேர்ந்த தவறு எதுவென்று விளங்கவேண்டுமாயின் சிறிது கணக்குப் பார்த்தல் வேண்டும். கடினமான கணக்கன்று. விளக்கின் வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் விளக்குகள் நான்கு சேர்ந்து 220 வாட். பாட்டரி 12 வோல்ட். ஆகவே ஓடும் மின்சாரம் 18 ஆம்பியருக்குச் சற்று அதிகம். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை கொடுப்பதால் இன்னும் சிறிது கூடும். இரண்டு விளக்குகளுக்கென்று வைத்த 15 ஆம்பியர் பியூஸ் இதைத் தாங்காமல் சூடேறிச் சிறிது நேரத்தில் அறுந்துபோவது இயல்பே. பியூஸ் அறுந்தது பழுதன்று. அது தன் வேலையைச் செய்தது. பியூஸ் இருப்பது விளக்கைக் காப்பதற்கென்று பலர் எண்ணுகிறார்கள். விளக்கு எரிந்துபோனால் புது விளக்கு வாங்கிக்கொள்ளலாம். பியூஸ் காப்பது கம்பியை. கம்பியின் மூலமாக வாகனத்தையும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவனையும்.

டிராக்டரில் விளக்குக்குச் சென்ற கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். அது பானெட்டுத் தகட்டிலுள்ள துவாரத்தின் வழியே செல்லுமிடத்தில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. அதிக மின்சாரத்தாலும் எஞ்சின் சூட்டாலும் இளகிய உறையைத் தகட்டின் விளிம்பு நாள்தோறும் அரைத்து, கடைசியில் செம்பு இரும்பைத் தொட்டது. அங்ஙனம் தொட்டபின் விளக்கின் தடை நடுவில் இல்லை. பாட்டரிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் செப்புக் கம்பி மட்டுமே உண்டு. அதன் தடை ஓர் ஓமில் நாற்பதிலொரு பங்கிற்கும் குறைவு. நல்ல நிலையிலுள்ள பாட்டரி அதனூடே 250 ஆம்பியருக்குக் குறையாமல் தள்ளும். அப்போது அவ்விரண்டு மீட்டர் கம்பியில் உண்டாகும் உஷ்ணம் ஏறக்குறைய 1,500 வாட். அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூடு சுண்டுவிரலில் பாதி கனமுமில்லாத ஒரு கம்பியில் இறங்குகிறது. உறை உருகிப் புகைவதற்கு இரண்டொரு வினாடிகள் போதும்.

15 ஆம்பியர் பியூஸ் இருந்திருப்பின் கண் இமைக்குமுன் அறுந்திருக்கும். செப்புத் துண்டோ 200 ஆம்பியர் வரையில் உருகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி அதற்கு முன்னரே உருகும். பியூஸைவிடக் கம்பியே மெல்லியதாயிற்று. ஆகவே கம்பியே பியூஸாயிற்று. சாவியையும் ஸ்விட்சையும் திருப்பியும் புகை நிற்காததன் காரணம், உரசிய இடம் பியூஸுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இருந்ததே. ஸ்விட்ச் தனக்குப் பின்னாலுள்ளதை அணைக்குமேயன்றித் தனக்கு முன்னாலுள்ளதை அணைக்காது.

மெல்லிய செப்பு இழைகளைப் பியூஸாகப் போடுவோர், தாம் ஜாக்கிரதையாய் இருப்பதாக நினைக்கிறார்கள். 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓரிழை சுமார் 7 ஆம்பியரில் உருகுமென்பது உண்மையே. ஆனால் ஓரிழையோடு நிறுத்துவோர் யார்? அது அறுந்தால் இரண்டு, பிறகு நான்கு, பிறகு முறுக்கிய ஒரு கற்றை என்றே போகிறது. இப்போது வழங்கும் தட்டைப் பியூஸ்களில் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடலாம். எழுத்தறியாதவர்களுக்கும் இது உதவி. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்ற வெள்ளை 25, பச்சை 30 ஆம்பியர். விலையோ சில ரூபாய்தான். ஒவ்வோர் அளவிலும் இரண்டு வீதம் ஒரு சிறு டப்பியில் போட்டு வாகனத்திலேயே வைத்திருப்பவருக்குக் கம்பித் துண்டு தேடும் அவசியம் நேராது. டப்பியில் அதே அளவு இல்லாவிடில் குறைந்த அளவைப் போட்டு, ஒரு விளக்கை அணைத்து ஓட்டலாம். கூடிய அளவைப் போடலாகாது.

புது விளக்குப் பொருத்தும் முறை.—அக்குடியானவர் செய்ய விரும்பியதைச் சரியாகச் செய்வது எப்படி? பாட்டரியின் நேர்முனையிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுக்க வேண்டும். அதன் பியூஸ், பாட்டரிக்கு மிக அருகில், ஒரு சாணுக்குள் இருத்தல் நலம்; ஏனெனில் பாட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள கம்பியை எதுவும் காப்பதில்லை. பியூஸிலிருந்து ரிலேயின் 30 என்ற எண்ணுள்ள முனைக்கும், 87 என்ற முனையிலிருந்து விளக்குகளுக்கும் கம்பி செல்லும். 85, 86 ஆகிய இரண்டும் ரிலேயின் உள்ளிருக்கும் சுருளின் முனைகள். ஒன்றை இரும்புச் சட்டத்துக்கும் மற்றொன்றைச் சிறு பியூஸோடு கூடிய ஸ்விட்சுக்கும் கொடுக்க வேண்டும். சுருள் குடிப்பது கால் ஆம்பியருக்கும் குறைவாதலின் ஸ்விட்சும் அதன் கம்பியும் சூடேற வழியில்லை. விளக்குகளின் முழுப் பாரமும் தடித்த கம்பியில் மட்டும் ஓடும்.

பியூஸின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எப்போதும் ஓடும் பாரத்தை வைக்கலாகாது. 55 வாட் விளக்கு இரண்டுக்கு 9 ஆம்பியர் சொச்சம். ஆகவே 15 ஆம்பியர் பியூஸ். கம்பி அந்தப் பியூஸைவிட அதிகம் தாங்குவதாய் இருக்க வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். கம்பியில் சிக்கனம் செய்வோர் தீ அபாயத்தை மட்டுமன்றி வெளிச்சத்தையும் இழக்கிறார்கள். நீண்ட மெல்லிய கம்பியிலும் துருவேறிய இணைப்பிலும் மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்துபோனால், சாதாரண ஹாலஜன் விளக்கின் வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்கு ஏறக்குறையப் போய்விடும். வெளிச்சம் போதவில்லையென்று மேலும் ஒரு விளக்கு மாட்டுவதும், அதனால் கம்பியில் அழுத்தம் இன்னும் குறைவதும் பல டிராக்டர்களில் காணக்கூடியதே. இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளில் 18 வாட்டுள்ளவை நான்கு போட்டாலும் 6 ஆம்பியர்தான் ஆகும். இரவு உழவு மிகுதியாக உள்ளவர்கள் இவற்றுக்கு மாறிவிடுவதே சிறந்தது. ஆனால் அவற்றுக்கும் பியூஸ் வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சேற்றுழவுக்கு உதவாது. கேஜ் வீல் வாரியிறைக்கும் சேற்று நீர் டேப்புக்குள் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிச் செம்பைப் பச்சையாக்கிவிடும். அழுத்திப் பிடிக்கும் முனைகளைப் போட்டு, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றுவது நல்ல முறை. தகட்டில் கம்பி நுழையும் ஒவ்வொரு துவாரத்துக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறையேனும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன டிராக்டரில் காணாமற்போனது அந்த ஒரு வளையம்தான்.

ஷார்ட் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்தல்.—புதுப் பியூஸ் போட்டவுடனே அது அறுந்துபோகிறதென்றால் கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறதென்று பொருள். ஒன்றன்பின் ஒன்றாகப் பியூஸ்களை எரித்துத் தேடுவது வீண் செலவு. இதற்கு ஓர் எளிய சாதனம் உண்டு. மோட்டார் வாகனத்தின் பின்புறத்தில் பிரேக் விளக்காக எரியும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு கம்பிகள் விட்டு, அவற்றின் முனைகளைப் பியூஸ் இருந்த இரண்டு இடங்களிலும் சொருகிவிட வேண்டும். முன்னதாக அந்த வரிசையைச் சேர்ந்த விளக்குப் பல்புகளையெல்லாம் கழற்றிவிடுதல் முக்கியம். இல்லாவிடில் மின்சாரம் அவற்றின் வழியாகவும் சென்று சோதனைப் பல்பை எரியச் செய்து ஏமாற்றும்.

இப்போது ஷார்ட் இருப்பின் சோதனைப் பல்பு பிரகாசமாக எரியும். பல்பு நடுவில் இருப்பதால் கம்பியில் ஓடுவது 2 ஆம்பியருக்கு மேற்படாது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் கம்பி சூடேறாது. பிறகு ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் கம்பிக்கட்டை முன்னிருந்து பின்னாகச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். உரசிய இடத்தைத் தொட்டு விலக்கியவுடன் பல்பு அணையும் அல்லது மினுக்கும். அசைத்தும் அகப்படாவிட்டால் இணைப்புகளை ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ, ஷார்ட் அதற்கு அப்பால் உள்ளது. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே பல்பு எரிந்தால் பழுது ஸ்விட்சுக்கு முன்னாலும், ஸ்விட்சைப் போட்டபின் மட்டும் எரிந்தால் ஸ்விட்சுக்குப் பின்னாலும் உள்ளதென்று முதலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பெரிய மீட்டர்கள் வைத்திருக்கும் பட்டறைக்காரர்களிலும் பலர் இந்தப் பல்பையே விரும்புகிறார்கள். மீட்டரின் முள்ளையோ எண்ணையோ படிக்கக் குனிய வேண்டும். பல்பை வண்டியின் அடியில் படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

இரும்புச் சட்டமே திரும்பும் வழி.—விளக்குக்குப் போகும் கம்பியைக் கவனிப்பவர்கள்கூட, மின்சாரம் திரும்பி வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். வாகனங்களில் திரும்பும் கம்பி கிடையாது; இரும்புச் சட்டமே அவ்வேலையைச் செய்கிறது. இக்காலத்து வாகனங்களில் பாட்டரியின் எதிர்முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கும். 1946-ல் வெளிவரத் தொடங்கிய சாம்பல் நிற பெர்குஸன் போன்ற பழைய பிரிட்டிஷ் டிராக்டர்களில் நேர்முனை சேர்ந்திருந்தது. அத்தகைய பழைய யந்திரத்தைப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் புதுச் சாமான் பொருத்துமுன் இதைக் கவனிக்க வேண்டும்.

நெல் ஏற்றும் சிறு லாரிகளிலும் வேன்களிலும் எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்று உண்டு. உப்புக் காற்று வீசும் வேதாரணியம், நாகப்பட்டினம் பக்கங்களில் இப்பட்டை விரைவில் பூத்துப்போகிறது. அது அறுந்தால் வண்டி உடனே நின்றுவிடுமென்று எண்ணலாகாது. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய சில நூறு ஆம்பியர்கள் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ கிளட்ச் கேபிளையோ வழியாக்கிக்கொள்ளும். கேபிள் காய்ந்து அதன் உறை உருகி இறுகும். கேபிள் கெட்டதென்று புதுக் கேபிள் போடுவார்கள். அதுவும் சில நாளில் கெடும். காரணம் ஒரு முழத்துக்கப்பால் ஒரு போல்ட்டின் அடியில் இருக்கும் துரு. இதை அறிய ஒரு வழி: மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழலவிட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் இணைப்பு கெட்டதென்று கொள்ளலாம். போல்ட்டைக் கழற்றி, இரும்பும் பட்டையும் பளிச்சென்று தெரியத் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் பூச வேண்டும். பெயிண்டின் மேல் போல்ட்டை முறுக்குவது வீண்.

ட்ரெய்லரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கொக்கியும் கொண்டியும் இரும்புதானே, மின்சாரம் திரும்பாதா என்று கேட்பார்கள். கொண்டி ஆடும்போதெல்லாம் விளக்கு மினுக்கும். மசகும் மண்ணும் சேர்ந்தால் அணையும். ட்ரெய்லருக்குத் திரும்பும் கம்பியைத் தனியே இழுப்பதே முறை. தை, மாசி மாதங்களில் வைக்கோலும் கரும்பும் ஏற்றிய ட்ரெய்லர்கள் இரவில் பின் விளக்கின்றி ரஸ்தாவில் ஊர்ந்து செல்வதும், மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் அவற்றின் பின்னால் மோதி உயிரிழப்பதும் அறியாதவர் இல்லை. பாரம் பின் விளக்கை மறைக்குமாயின், விளக்கை ஒரு பலகையில் மாட்டிப் பாரத்தின் கடைசியில் தொங்கவிட வேண்டும். கம்பியைத் தரையில் இழுபட விடலாகாது.

எலி.—அறுவடைக்குப்பின் டிராக்டர் சில வாரம் சும்மா நிற்கும். வயலில் தீனி குறைந்த எலியும் பெருச்சாளியும் வீட்டுப் பக்கம் ஒதுங்கும் காலமும் அதுவே. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையேனும் கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. கதகதப்பான எஞ்சினும் மெத்தென்ற கம்பி உறையும் அதற்கு வசதியாய் அமைகின்றன. எலி கடித்த கம்பி இன்னதென்று வெளியே தெரியாது. உறை போய்ச் செம்பு மட்டும் நிற்கும். மாதக் கணக்கில் தொடாமல் நின்று, முதல் உழவின் அதிர்ச்சியில் ஒன்றையொன்று தொடும்.

வைக்கோற்போருக்குப் பக்கத்தில் டிராக்டரை நிறுத்தாதிருத்தல் முதற் பரிகாரம். விதை மூட்டை, பிண்ணாக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் இவற்றை இருக்கைக்கு அடியில் வைக்கலாகாது. நிறுத்தியிருக்கும் காலத்தில் பகலில் பானெட்டைத் திறந்து வைத்தால், வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். வயலில் வைக்கும் மூங்கில் வில் கிட்டியைக் கொட்டகையிலும் வைக்கலாம். தஞ்சைக் கிட்டிக்காரர்களுக்கு எலி வரும் தடம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்துருண்டையின் வாசனை சில நாளே நிற்கும். அதை மட்டும் நம்புவதிற் பயனில்லை. கம்பியின்மேல் டீசல் தடவுவோரும் உண்டு. டீசலில் ஊறிய உறை நாளடைவில் கெட்டுப் போவதோடு, பொறி விழுந்தால் எரியவும் செய்யும். கம்பிக்கட்டின்மேல் நெளிவுக் குழாய் ஏற்றுவதும், எலி நுழையும் துவாரங்களைக் கம்பி வலையால் அடைப்பதும் செலவானாலும் நிலையானவை.

நெல் அறுக்கும் யந்திரங்களில் எலியைவிடப் பதரும் தூசியும் கொடியவை. எஞ்சினைச் சுற்றியும் புகைக்குழாயின் மேலும் படியும் துரும்பு பஞ்சுபோல் காய்ந்திருக்கும். அங்கே கம்பி ஒரு பொறி விட்டால் போதும். அறுவடை நாட்களில் ஒவ்வொரு மாலையும் காற்றடித்துச் சுத்தம் செய்தபின்னரே யந்திரத்தை நிறுத்த வேண்டும். வெளியூர் யந்திரங்களை வாடகைக்கு அழைப்பவர்கள், வயலில் இறக்குமுன் இதைப் பார்க்கக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. எரிவது தங்கள் நெல்லாகவும் இருக்கலாம்.

பாட்டரியும் பட்டறை வேலையும்.—கேஜ் வீல் உடைந்தால் டிராக்டரிலேயே வைத்துப் பற்றவைக்கும் வழக்கம் உண்டு. அம்மின்சாரம் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்டது. சட்டத்தின் வழியே செல்லும்போது ஆல்டர்னேட்டரினுள் இருக்கும் டயோடுகளைக் கெடுத்துவிடக்கூடும். பற்றவைக்குமுன் பாட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்ற வேண்டும். பற்றவைப்பவரின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே போடச் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாட்டரிக் கிளாம்பைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். இப்போது அப்படிச் செய்தால் அழுத்தம் திடீரென்று பல மடங்கு எழும்பி ஆல்டர்னேட்டரும் அதோடு சேர்ந்த மின்சாதனங்களும் போய்விடும்.

பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அதுவே கடைசியில். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறிச் சட்டத்தைத் தொட்டால், ஸ்பானரே ஷார்ட் ஆகிவிடும். பாட்டரி சார்ஜ் ஆகும்போது வெளியிடும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பற்றும் தன்மையது. அந்தப் பொறி முகத்துக்கு நேரே வெடிப்பை உண்டாக்கும். முனைகளில் பூக்கும் வெண்மையும் பச்சையும் கலந்த பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் பூச வேண்டும். சோடா நீர் மூடித் துவாரங்களின் வழியே உள்ளே இறங்காதபடி பார்த்துக்கொள்வது அவசியம்.

அக்குடியானவர் புதுக் கம்பிக்கட்டு மாட்டியபோது, பாட்டரியின் எதிர்முனைக்குப் பக்கத்தில் கையால் திருப்பும் மெயின் ஸ்விட்ச் ஒன்றையும் பொருத்தச் செய்தார். இதன் விலை ஓர் இரவு உழவுக் கூலிக்கு மேற்படாது. வேலை முடிந்து கொட்டகையில் விட்டபின் இதைத் திருப்பிவிட்டால், எலி கடித்தாலும் கம்பி உரசினாலும் இரவில் ஓட மின்சாரமே இராது. ஓட்டும்போது புகை கண்டால் முதலில் எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுக்க வேண்டும். எஞ்சின் நின்றபின் மெயின் ஸ்விட்சைத் திருப்ப வேண்டும். பானெட்டை ஒரேயடியாய்த் திறந்தால் காற்றுப் புகுந்து தீ மேலெழும். சிறிது தூக்கி, அந்த இடுக்கின் வழியே பொடி அணைப்பானை அடிக்க வேண்டும். அது இல்லையென்றால் உலர்ந்த மணலோ வரப்பு மண்ணோ போடலாம். டீசல் எரியும்போது நீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும். பாட்டரிக் கிளாம்புக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று எப்போதும் இருக்கைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். இப்போது அந்த டிராக்டரில் அது ஒரு கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அதற்கருகே பியூஸ் டப்பியும் இருக்கிறது. டப்பியிலுள்ள நீல நிறப் பியூஸ்களை மாதத்துக்கு ஒரு முறை எண்ணிப் பார்ப்பது அந்த வாலிபனின் பொறுப்பு.